தாலி கட்டக் கையில்லாத மாப்பிள்ளை

“பிடியுங்கோ அண்ணை! பின்காலைப் பிடியுங்கோ! செற்றி போகுது!”

தர்சனா கத்திய கத்தலில் படகில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அதுதான் பிழையாய்ப் போயிற்று. சனம் எழும்பியதும் படகு ஒருபக்கம் சரிந்தது. மூன்று பேர் சாய்ந்து இருக்கக்கூடிய அந்த நீலச் சோபாச் செற்றி, தலையணைகளோடு மெல்ல வழுக்கிப்போய்க் கடலை எட்டிப் பார்த்தது.

தர்சனா பாய்ந்து அதன் காலைக் கட்டிப்பிடித்தாள். ஒரு செருப்பு கடலில் விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சின்னக்குட்டி அண்ணை! வந்து ஒருக்காப் பிடியுங்கோவன்!”

“நான் சுக்கானைப் பிடிக்கிறதோ, உன்ர செற்றியின்ர காலைப் பிடிக்கிறதோ? ரெண்டில ஒண்டைச் சொல்லு பிள்ளை!” என்று பின்பக்கத்திலிருந்து பதில் வந்தது.

மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த மனிசி ஒருத்திதான் வழி கண்டுபிடித்தாள். “ஏனப்பா இந்தச் சத்தம்? பாரம் இல்லாமல்தானே வழுக்குது?” என்றபடி கூடையை மடியில் வைத்துக்கொண்டு செற்றியின் நடுவில் போய் அமர்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. அதற்குப் பக்கத்தில் உர மூட்டையோடு ஒருவர். செற்றி அடங்கிவிட்டது. மூன்று பேரும் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவை நோக்கி ராசா ராணி மாதிரிப் பயணம் செய்தார்கள்.

தர்சனாவின் போன் அடித்தது. அம்மா.

“பிள்ளை, செற்றி வருதோ?”

“வருது அம்மா. சனம் இருந்து வருது.”

“என்ன? மாப்பிள்ளை இருக்க முதல் ஆரை அதில இருத்தினனீ?”

தர்சனா கண்ணை மூடிக்கொண்டாள். இன்றைக்குப் பின்னேரத்துக்குள் அம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்த விஷயம். அதை நினைத்தாலே கடல் இல்லாமலே தலை சுற்றியது.

* * *

கதை எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்பதை, போன கிழமைப் புத்தகத்தில் இந்தத் தொடரைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

வெள்ளைக்காரரின் பழைய ரிவி நாடகம் ஒன்று. பெரிய நகரம் ஒன்றில் சிநேகிதர் சிலர் ஒரு கோப்பிக் கடைச் செற்றியில் நாள் முழுக்க இருந்து பகிடி விடுவார்கள். ஒவ்வொரு பகிடிக்கும் ஆளைக் காட்டாமல் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். தர்சனாவும் அயல்வீட்டு ஜெனுஷனும் அதற்குப் பைத்தியம். தர்சனாவின் அம்மா பார்வதிப்பிள்ளையும் ஒருநாள் கூட இருந்து பார்த்தாள். இரண்டு கேள்விதான் கேட்டாள்.

“உதுகளின்ர தாய் தேப்பன் எங்கை?”

இரண்டாவது: “ஆர் உது, அறைக்குள்ள ஒளிச்சிருந்து சிரிக்கிறது? உள்ளுக்கு வந்து இருந்து சிரிக்கச் சொல்லன்.”

அன்றைக்குத்தான் தர்சனாவுக்கு யோசனை வந்தது. நாங்களும் ஒன்று எடுத்தால் என்ன? ஒரே ரியூசன் கொட்டிலில் படித்த நாலு சிநேகிதர் இருந்தார்கள். தர்சனா, ஜெனுஷன், தர்சனாவின் அண்ணன் பிரதாபன், பக்கத்து ஒழுங்கை நிஷாந்தினி. பிரச்சினை ஒன்றே ஒன்று. பிரதாபன் ஜேர்மனியில். நிஷாந்தினி கனடாவில். சிநேகிதர் ஒன்றாக இருந்து பகிடி விடுவதற்கு, முதலில் சிநேகிதர் ஊரில் இருக்க வேண்டுமே!

ஆகவே போனை வைத்தார்கள்.

வீடு கூட்டுகிற தும்புத்தடி ஒன்றை மண் நிரப்பிய வாளியில் நட்டு, அதில் பிரதாபனின் பழைய கோடுபோட்ட சேட் ஒன்றை மாட்டி, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் போனைக் கட்டினார்கள். போனில் பிரதாபனின் முகம். பக்கத்து வாளியில் சுடிதார், அதற்கு மேல் நிஷாந்தினியின் முகம். நடுவில் உயிரோடு இரண்டு பேர். ‘நாலு பேர் ஒரு செற்றி’ என்று பெயர் வைத்து யூரியூப்பில் விட்டார்கள். செற்றி இல்லாதபடியால் மர வாங்கு ஒன்றில் இருந்தார்கள். சிரிப்புச் சத்தத்துக்குப் படகோட்டிச் சின்னக்குட்டி அண்ணை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஜன்னலுக்கு வெளியே நிற்பார். ஜெனுஷன் தோளில் கிடக்கும் துவாயை ஆட்டினால் சிரிப்பார்.

வெளிநாட்டுச் சனம் விழுந்து விழுந்து பார்த்தது. “எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான், அப்பா போனுக்குள்ளதான் இருக்கிறார்” என்று ஆரோ எழுதினார்கள். அதற்குச் சிரிப்பு முகமும் அழுகை முகமும் சரிபாதி விழுந்தன.

ஆனால் பார்வதிப்பிள்ளைக்கு அது நாடகமே இல்லை. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு மகன் வீட்டுக்குள் இருக்கிறான். படம் எடுக்கும் நாளில் போனுக்கு முன்னால் தேத்தண்ணி வைப்பாள். ஆறிப்போனால் மாற்றி வைப்பாள். போனின் கண்ணாடியைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, “வேர்த்துப்போய்க் கிடக்கிறாய்” என்பாள்.

பிறகுதான் வந்தது வில்லங்கம். கதையில் பிரதாபனுக்கும் நிஷாந்தினிக்கும் கலியாணம் செய்து வைப்பதென்று தர்சனா எழுதினாள். போன கிழமை, தாலிக்குப் பொன் உருக்குகிற பொன்னுருக்கல் காட்சி. பொன் உருக்குகிற சட்டியும் ஊதுகுழலும் வல்லிபுரப் பத்தரிடம்தான் இருந்தன. கேட்டபோது, “நான் நாடகத்துக்கு எண்டு பொன் உருக்கிறேல்லை. உருக்கினால் உருக்கினதுதான்” என்றார். நல்ல நாள் பார்த்தார். நல்ல நேரம் பார்த்தார். தட்டில் ஒரு பித்தளைத் துண்டை வைத்திருந்தாள் தர்சனா. அம்மா அதை எடுத்து எறிந்துவிட்டு, செத்துப்போன அப்பாவின் மோதிரத்தை வைத்தாள்.

பொன் உருகியது. ஊர் பார்த்தது. முடிந்தது கதை.

பொன்னுருக்கினால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் தாலி ஏறும்வரை வாசல் தாண்டக் கூடாது. ஆளையாள் பார்க்கவும் கூடாது. இது தெரியாத சனம் தீவில் ஒன்றும் இல்லை.

மறுநாளே நிஷாந்தினியின் போனைச் சுடிதாரோடு தூக்கி ஜெனுஷன் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள் பார்வதிப்பிள்ளை.

* * *

செற்றி வீட்டுக்குள் வந்தபோது ஜெனுஷன் முற்றத்தில் வயர்ச் சுருளோடு நின்றான்.

“இது என்னத்துக்கு?” என்று கேட்டாள் தர்சனா.

“உங்கட வீட்டில கறன்ட் இல்லை. கொண்ணர் பிரதாபனின்ர போன் சார்ஜ் இறங்கிப்போச்சு. எங்கட வீட்டில சோலர் கிடக்குத்தானே, கொண்டுபோய்ப் போட்டுத்தாறன் எண்டனான். மாமி விடேல்லை. மாப்பிள்ளை படலை தாண்டக் கூடாதாம்.”

“அதுக்கு?”

“அதுக்குத்தான் எங்கட வீட்டிலயிருந்து வேலியால வயர் இழுக்கிறன். நீர் சிரியாதையும். உம்மட கொண்ணருக்குப் பெண்சாதி வர முதல் எனக்கு நாரி முதுகெல்லாம் முறிஞ்சுபோம்.”

தர்சனா சிரித்தாள். ஜெனுஷன் அவளின் கால்களைப் பார்த்தான்.

“மற்றச் செருப்பு எங்கை?”

“கடலுக்குள்ள.”

அவன் குனிந்தான். தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் தள்ளிவிட்டு வெறுங்காலோடு வயரை இழுத்துக்கொண்டு போனான். முற்றத்து மணல் கொதித்துக்கொண்டிருந்தது.

“ஜெனுஷன்!”

“என்ன?”

“இண்டைக்கு அம்மாட்டைச் சொல்லப்போறன்.”

அவன் நின்றான். அவனுக்கு மட்டும்தான் தெரியும். பிரதாபனின் அகதி வழக்கு ஜேர்மனியில் தோற்று இரண்டு வருஷம். அங்கே இருப்பதற்குப் பேப்பர் இல்லை. வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. அம்மாவோ ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் “வாற வருஷம் வந்திடுவான்” என்று அவனுக்கென்று புதுத் தலையணை உறை தைத்து வைக்கிறாள்.

“படம் எடுத்து முடிச்சிட்டுச் சொல்லுமன்” என்றான் ஜெனுஷன் மெதுவாக.

“முடிக்க ஏலாது. அம்மாவைக் கேட்டால் உமக்கே விளங்கும்.”

* * *

அம்மா நல்ல சீலை ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றாள். செற்றியின் நடுவில் தும்புத்தடி. தும்புத்தடிக்கு இன்றைக்குப் பட்டு வேட்டி, சால்வை. உச்சியில், போனுக்கு மேலே, ஒரு தலைப்பாகை. உள்ளே பிரதாபன் முழித்துக்கொண்டிருந்தான்.

“அம்மா, தலைப்பா கமராவை மறைக்குது. எனக்கு ஒண்டும் தெரியேல்லை.”

“மாப்பிள்ளை எண்டால் குனிஞ்சுதான் இருக்க வேணும். நீ ஒண்டையும் பாக்கத் தேவையில்லை” என்றாள் அம்மா. “சாப்பிட்டியோ?”

“ஓம் அம்மா.”

“வெளியில ஒரு இடமும் போகேல்லைத்தானே?”

“இல்லை அம்மா. நீங்கள் சொன்னபடி நாலு நாளா அறைக்குள்ளதான்.”

ஜெனுஷன் தலையைச் சொறிந்தான். “மாமி, பொம்பிளையையும் கொண்டந்து வைச்சால்தானே தாலி கட்டுற காட்சி எடுக்கலாம்? அங்க நிஷாந்தினி விடிய வெள்ளனவே எழும்பிக் கலியாணக் கூறையைச் சுத்திக்கொண்டு இருக்கிறா. கூறைக்கு மேல குளிர் ஜாக்கெற். இதை முடிச்சிட்டு அவ வேலைக்கும் ஓட வேணும்.”

“கொண்டு வா. ஆர் வேண்டாமெண்டது? தாலியை ஆர் கட்டுறது?”

“பிரதாபன்தான்.”

“உந்தப் போனுக்குக் கை இருக்கோ?”

ஜெனுஷன் துவாயைத் தோள் மாற்றிப் போட்டான். ஜன்னலுக்கு வெளியே நின்ற சின்னக்குட்டி அண்ணைக்குத் துவாய் ஆடியது போலத் தெரிந்திருக்க வேண்டும். “ஹா ஹா ஹா ஹா” என்று பெரிதாகச் சிரித்தார்.

“அண்ணை, இன்னும் தொடங்கேல்லை!” என்று கத்தினான் ஜெனுஷன்.

தர்சனா முன்னால் வந்தாள். “அம்மா, நான் கையை நீட்டிக் கட்டுறன். போனுக்குப் பின்னால நிண்டு. படத்தில என்ர கை மட்டும்தான் தெரியும்.”

“நீ தங்கச்சி. நீ கட்டினால் அது தாலியோ?”

“நாடகம்தானே அம்மா!”

பார்வதிப்பிள்ளை மகளைப் பார்த்தாள். கோபம் இல்லை. செற்றியின் ஓரத்தில், தும்புத்தடி சரிந்துவிடாதபடி மெல்ல இருந்தாள். இடுப்பில் செருகியிருந்த சின்னப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தாள். வல்லிபுரப் பத்தர் செய்து தந்த தாலி. அப்பாவின் மோதிரம் உருகி வந்த தாலி.

“எனக்கு விளங்காமலில்லைப் பிள்ளை. இது தும்புத்தடி. இது வாளி. இது நாடகம். நீங்கள் ரெண்டு பேரும் எனக்கு மூளை பிசகிப்போச்செண்டு யோசிக்கிறியள். எல்லாம் நாடகம்தான். ஆனா இந்தப் பொன் நாடகம் இல்லை.”

ஜெனுஷன் தலை குனிந்தான்.

“நிஷாந்தினியின்ர தாயோட கதைச்சனான். பிள்ளைக்கு விருப்பமாம். இவனுக்கும் விருப்பம்தான். இல்லையெண்டால் இவன் ஏன் நாலு நாள் அறைக்குள்ள இருக்கிறான்? நாடகத்துக்காகவோ? நான் சொன்ன சொல்லுக்கு இருக்கிறான். அப்ப வந்து கட்டட்டும். வந்து, இதில இருந்து, தன்ர கையால கட்டட்டும்.”

சொல்ல வேண்டிய நேரம் இதுதான். தர்சனா வாயைத் திறந்தாள். அம்மாவின் உள்ளங்கையில் தாலி மினுங்கியது. அவள் ஜெனுஷன் பக்கம் திரும்பினாள்.

“ஜெனுஷன், கமராவைப் போடும்” என்றாள். சொன்னபிறகுதான் தான் எவ்வளவு கோழை என்று அவளுக்கே விளங்கியது.

* * *

லைவ் தொடங்கியது. சனம் வந்து குவிந்தது. பாரிஸ், லண்டன், ரொறன்ரோ, சூரிச். இதயங்கள் கீழிருந்து மேலே பறந்தன.

தர்சனா எழுதி வைத்திருந்த பகிடியைச் சொன்னாள். “மாப்பிள்ளைக்கு என்ன சீதனம் கேக்கிறியள்?”

“ஒரு சார்ஜர்” என்றான் ஜெனுஷன்.

துவாய் ஆடியது. ஜன்னலில் சிரிப்பு வெடித்தது. அதற்குப் பிறகு பகிடி நிஷாந்தினியிடம் போக வேண்டும். ஜெனுஷன் வீட்டிலிருந்து அவளின் போனை முக்காட்டோடு கொண்டு வந்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை பார்க்காதபடி நடுவில் ஒரு வெள்ளைத் துணி.

ஆனால் நிஷாந்தினி வாய் திறப்பதற்குள் பார்வதிப்பிள்ளை எழுந்து வந்து கமராவுக்கு முன்னால், செற்றியில், மகனுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டாள். அவளுக்கு அந்தக் காட்சியில் வேலையே இல்லை.

தலைப்பாகையை ஒதுக்கிவிட்டாள். போனுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள்.

“தம்பி. உலகம் முழுக்கப் பாக்குது எண்டு இவள் சொல்லுறாள். பாக்கட்டும். நான் ஒண்டு கேக்கிறன், பொய் சொல்லாமல் சொல்லு. எப்ப வாறாய்?”

போனுக்குள் பிரதாபன் நிமிர்ந்தான். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று ஜெனுஷன் எட்டிப் பார்த்தான். அறவில்லை. பிரதாபன் அழுதுகொண்டிருந்தான். வெள்ளைத் துணிக்கு மறுபக்கத்தில் நிஷாந்தினியின் விம்மலும் கேட்டது.

ஜெனுஷன் கையில் இருந்த துவாயால் கண்ணைத் துடைத்தான்.

“ஹா ஹா ஹா ஹா!” என்றார் சின்னக்குட்டி அண்ணை.

பிறகு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். பார்வதிப்பிள்ளையின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு பாதியில் அறுந்தது. “பிழையாய்ச் சிரிச்சுப்போட்டன் தங்கச்சி” என்று சொல்லிவிட்டுத் தலையில் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

தர்சனா கமராவை நிறுத்தினாள்.

“போதும். ஒருத்தரும் ஒண்டும் சொல்லாதேங்கோ. நான் அண்ணாவோட தனியக் கதைக்க வேணும்.”

போனைத் தும்புத்தடியிலிருந்து அவிழ்த்து எடுத்தாள். அம்மா, “வாசல் தாண்டாதை...” என்று தொடங்கி, மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். தர்சனா குசினி வாசலால் இறங்கிப் பின்வளவுக் கிணற்றடிக்கு ஓடினாள். ஜெனுஷனின் செருப்பு அவளுக்குப் பெரிது. தட்டுத்தடுமாறித்தான் ஓடினாள்.

“அண்ணா! இனி எனக்கு ஏலாது. அம்மாட்டைச் சொல்லப்போறன். பேப்பர் இல்லை, அவன் வர மாட்டான், வந்தால் திரும்பிப் போக ஏலாது எண்டு எல்லாத்தையும் சொல்லப்போறன். நீ கோவிச்சாலும் பரவாயில்லை.”

“சொல்லாதை.”

“ஏன் சொல்லாதை? இன்னும் எத்தினை தலையணை உறை தைக்க வேணும் அந்த மனிசி?”

“சொல்லாதை எண்டுறன். நீ சொல்லப்போறது இப்ப உண்மை இல்லை.”

தர்சனா போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். “பேப்பர் கிடைச்சிட்டுதோ?”

“இல்லை.”

பிரதாபன் கண்ணைத் துடைத்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இத்தனை நாளும் நாடகத்துக்காக முகத்தைப் பார்த்தவள், இன்றைக்குத்தான் அண்ணனின் முகத்தைப் பார்க்கிறாள்.

“வேலை செய்த இடத்தில வந்து பிடிச்சவங்கள், தர்சனா. உடுப்பு எடுக்கக்கூட விடேல்லை. ரெண்டு பொலிஸ் பக்கத்தில இருந்து பிளேனில கொண்டந்து கட்டுநாயக்கா எயாப்போட்டில விட்டவங்கள். பொன்னுருக்கிறதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி.”

கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள் தர்சனா.

“அப்ப அண்டைக்கு... அப்பாவின்ர மோதிரம் உருக்கேக்கை...”

“நான் இலங்கையிலதான். ஒன்பது வருஷம் போய் நிண்டிட்டு வெறுங்கையோடதான் வந்தனான். அம்மா கரையில வந்து நிப்பா. ஊர் வந்து நிக்கும். என்னெண்டு இறங்கிறது? நாலு நாள் அறைக்குள்ள இரு எண்டு அம்மா சொன்ன உடன, எனக்குக் கோயிலில தஞ்சம் கிடைச்ச மாதிரி இருந்துது.”

“இது ஆருக்குத் தெரியும்?”

“நிஷாந்தினிக்கு. அவளுக்கு மட்டும். அவள்தான் ஒவ்வொரு நாளும், போ, அம்மாட்டைப் போ எண்டு அழுகிறாள்.”

“இப்ப எங்கை நிக்கிறாய்? கொழும்பிலயோ?”

பிரதாபன் போனைக் கையில் எடுத்தான். எழுந்தான். படம் ஆடியது. சுவர், ஒரு சாரம் தொங்கும் கொடி, ஒரு மர ஜன்னல். ஜன்னலைத் தள்ளித் திறந்து கமராவை வெளியே திருப்பினான்.

கடல். இறங்குதுறை. கரையில் கட்டிக்கிடந்த வள்ளங்களுக்கு அப்பால், தூரத்தில், நீருக்கு மேல் மெல்லிய கோடாய்ப் பனைகள்.

“தெரிஞ்ச ஒருத்தர், யாக்கோப்பு அண்ணையின்ர வீடு” என்றது அண்ணனின் குரல். “ஊர்காவற்றுறை. நீ செற்றி ஏத்தின துறை. அங்க தெரியுதெல்லே ஒரு கரை... அது எங்கட கரைதான், தர்சனா.”